வெள்ளம் வந்த பிறகா வைத்தியம்?

ரயில்வேயில் வேலை பார்த்த தோழர் யாரையேனும் கேட்டுப் பாருங்கள், விபத்துச் சங்கு என்றால் என்ன என்று. நள்ளிரவில் ஊதினாலும் சரி, பந்தியில் உட்கார்ந்து இலையில் சோறு விழுந்த நேரத்தில் ஊதினாலும் சரி, கையைக் கழுவிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். பெரிய நிலையங்களில் அதற்கென்று தனித் தண்டவாளத்தில் ஒரு வண்டி நிற்கும். அதிலே மருந்து உண்டு, படுக்கை உண்டு, அறுவைச் சிகிச்சை மேசை உண்டு. மற்ற நாளில் அதை எவரும் தொடக்கூடாது. பூட்டி, சரிபார்த்து, கணக்கெழுதி வைத்திருப்பார்கள். சங்கு ஊதிய 15, 20 நிமிடத்துக்குள் அந்த வண்டி நகர்ந்தாக வேண்டும். விதி அப்படி! மாதக்கணக்கில் விபத்தே இல்லையே, இது ஏன் வீணாக நிற்கிறது, சரக்கேற்றி அனுப்பலாமே என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

சிரிக்கத்தான் வேண்டும். 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், நம் விழுப்புரத்தைத் தாண்டிப் போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்குத் தெற்கே மருதையாற்றில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்துக் கரையை அரித்திருந்தது. ஏறத்தாழ 150 உயிர்கள் போயின. ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். அப்படிப்பட்ட நாட்களைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும், சும்மா நிற்கும் வண்டியின் அருமை.

நாம் கேட்பது இதுதான்: மக்களுடைய ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு சங்கு உண்டா? சங்கு ஊதினால் ஓடிவர ஆள் உண்டா? ஓடிவருவதற்குப் பாதை உண்டா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையேறியது. ஏறிய புயல் வழக்கம்போல் உள்நாட்டுக்குள் ஓடிக் கரைந்திருந்தால் கதை வேறு. அது நகரவில்லை. வேண்டாத விருந்தாளி திண்ணையில் குந்திக்கொள்வதுபோல் மணிக்கணக்கில் அங்கேயே குந்திக்கொண்டு கொட்டியது. டிசம்பர் 1 காலையில் அளந்து பார்த்தார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர்! நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதியை வானம் ஒரு பகல், ஒரு இரவுக்குள் கவிழ்த்துவிட்டது. திண்டிவனத்துத் தெருக்கள் ஓடைகளாயின. அதோடு விட்டதா? மேற்கே ஊத்தங்கரையிலும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் பெய்த மழை சாத்தனூர் அணைக்கு வந்து சேர, டிசம்பர் 2 விடியுமுன்னே விநாடிக்கு 1,68,000 கன அடித் தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசாங்கம். போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த வழக்கை இங்கே நாம் விசாரிக்கப் போவதில்லை. ஆற்றங்கரைக் குடிசைக்காரனுக்கு அந்த எச்சரிக்கை விளங்கும் பேச்சில், விழித்திருக்கும் வேளையில், காதில் விழுந்ததா என்பதே நமக்கு வேண்டிய விஷயம்.

அன்று என்ன நடந்தது? அரசூர்ப் பக்கத்தில் திருச்சி நெடுஞ்சாலை தண்ணீருக்கடியில் போனது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாயக் கோட்டைத் தாண்டியது, வண்டிகள் நிறுத்தப்பட்டன. இந்த இரண்டு இடங்களையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தின் மிகப் பெரிய ஆஸ்பத்திரி, 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எங்கே இருக்கிறது? முண்டியம்பாக்கத்தில்! வடக்கே இரும்புப் பாதை நின்றது. தெற்கே தார்ச்சாலை நின்றது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் ஒரு தாய்க்கு அன்றைக்கு வலி எடுத்திருந்தால், ஒரு விவசாயத் தொழிலாளிக்கு மார்வலி வந்திருந்தால், ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்து என்ன, டாக்டர் இருந்து என்ன? அந்த நாளில் அவனுக்கு அது சந்திரமண்டலத்து ஆஸ்பத்திரிதான்.

ஆகவே, தோழர்களே, ஆஸ்பத்திரியைக் கட்டிடம் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கக்கூடாது. அதற்கு வரும் சாலையும் ஆஸ்பத்திரிதான். அதற்கு வரும் மின்கம்பியும் ஆஸ்பத்திரிதான். தண்ணீர்க் குழாய், ஆக்சிஜன் லாரி, காலை ஷிப்டுக்குக் கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வரும் நர்ஸ் அம்மா, துப்புரவுத் தொழிலாளி எல்லாம் சேர்ந்ததுதான் ஆஸ்பத்திரி. இதில் ஒன்று அறுந்தால் மற்றது நொண்டும்.

2015 டிசம்பரில் சென்னையில் என்ன கண்டோம்? அடையாற்று வெள்ளம் புகுந்து, பேர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனையில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரும் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் பலர் அந்த நாட்களில் மாண்டார்கள். மின்சாரம் நின்றதாலா, நோயின் கடுமையாலா என்று வாதம் நடந்தது. வாதம் நடக்கட்டும். கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கட்டிய மாளிகையிலே, உயிர்காக்கும் இயந்திரத்தைத் தண்ணீர் எட்டும் மட்டத்தில் வைக்கலாமா என்பதற்கு எந்த வாதமும் தேவையில்லை. 2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை அடித்தபோது, நமக்கு அண்டை ஊரான செங்கல்பட்டில் ஒரே இரவில் 13 நோயாளிகள் இறந்தனர். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்று உறவினர்கள் கதறினர், அதிகாரிகள் மறுத்தனர். அதற்குப் பிறகுதான் ஆக்சிஜன் கிடங்கு, ஆக்சிஜன் உற்பத்தி நிலையம் என்று எங்கும் ஓட்டம் எடுத்தார்கள். செத்த பிறகு சீர்திருத்தம், இதுவே நமது நாட்டு வழக்கமாகிவிட்டது.

புயலும் வெள்ளமும் மட்டுமா ஆபத்து? இந்த ஒரு மாவட்டம் 20 ஆண்டுகளில் பட்டதைச் சொல்லிப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி, மரக்காணம் கடற்கரைக் குப்பங்களை வாரிக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல். 2020 மே மாதம் கோயம்பேடு! அதை மறக்கமுடியுமா? அந்தச் சந்தையில் மூட்டை தூக்கியவனும், காய்கறி வண்டி ஓட்டியவனும் நம் ஊர்ப் பிள்ளைகள். சந்தையை மூடினார்கள், பிழைப்புப் போனது, கிடைத்த லாரியில் ஏறி ஊருக்கு வந்தார்கள். நோயும் கூடவே வந்தது. விழுப்புரத்திலும் கடலூரிலும் எண்ணிக்கை சில நாட்களுக்குள் பல மடங்கானது. கூலிக்காரன் நோயைக் கொண்டுவந்தான் என்று பேசிய வாய்களை நாம் அறிவோம். அவன் கொண்டுவரவில்லை. நெருக்கியடித்து வேலை வாங்கிய இடத்தில் அவன்மீது சுமத்தி அனுப்பினார்கள்.

பிறகு சாராயம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 14 பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், 2019 வரை நம்மோடு ஒரே மாவட்டமாயிருந்த கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டோர். குடித்தவன் கெட்டான், அதற்கு ஆஸ்பத்திரி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒழுக்க உபதேசம் பிறகு ஆகட்டும், முதலில் உயிர். மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் கொல்வதில்லை. உடம்பிலே அது ஃபார்மிக் அமிலமாக மாற நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து, மாற்று மருந்து ஏறி, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு, கண்ணும் தப்பும். நேரம் தவறினால் பார்வை போகும், பிறகு மூச்சுப் போகும். சாதாரண நாளில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் மெஷின்கள் முறை வைத்து நாலு பேருக்கு ஓடும். ஒரே இரவில் நூறு பேர் வாந்தியும் வயிற்றுவலியுமாக வாசலில் வந்து விழுந்தால்? கள்ளக்குறிச்சியில் அதுதான் நடந்தது. சேலத்துக்கும், முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்குமாக ஆம்புலன்ஸ்கள் பறந்தன. பறந்தவரை நன்று. ஓட்டுநர்களையும் நர்ஸுகளையும் நாம் கைகூப்பி வணங்குகிறோம். ஆனால் எந்த ஊரில் எத்தனை மெஷின், எத்தனை பாட்டில் மாற்று மருந்து, யாரை எங்கே அனுப்புவது என்பது முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டிய கணக்கா, மரண ஓலத்தின் நடுவே போன் போட்டுத் தேட வேண்டிய கணக்கா?

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு ஒன்றுமில்லாத நாடல்ல. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதன்முதலாக வந்தது 1939இல், நமது சென்னை மாகாணத்தில். மருந்து வாங்கிக் கிடங்கில் வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப 1994இலேயே அரசு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2021 டிசம்பரில் திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தொடங்கியது. அந்த நெடுஞ்சாலையில் ரத்தம் சிந்தியவர்களின் குடும்பங்களுக்குத் தெரியும் அதன் அருமை. இவ்வளவும் இருக்கிற இடத்தில் நாம் ஏன் குறை சொல்கிறோம்? இருப்பதனாலேதான் சொல்கிறோம். சட்டி இல்லாதவனிடம் சமையல் கேட்போமா?

எது குறை? ஆள்! அதைச் சொல்லாமல் கட்டிடத்தைப் பற்றி மட்டும் பேசினால் அது பசப்பு. 2020இல் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். கவச உடைக்குள் வெந்து வேலை செய்தார்கள் அந்தப் பெண்கள். தட்டைத் தட்டினார்கள், விளக்கேற்றினார்கள், பூமாரி பொழிந்தார்கள்! நோய் தணிந்தது. 2022 டிசம்பர் 31ஓடு 2,000க்கும் மேற்பட்டோருக்கு ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்குப் போ என்றார்கள். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு வேறு திட்டங்களில் தொகுப்பூதியத்துக்கு இடம் தருவதாகச் சொன்னார்கள். ஆலைத் தொழிலாளிக்கு இந்த நாடகம் புதிதல்ல. சீசனுக்குக் கூப்பிட்டு சீசன் முடிந்ததும் துரத்துவது முண்டியம்பாக்கத்துக் கரும்பு வெட்டும் கூலிக்கும் தெரிந்த கதைதான். ஆனால் கரும்பு வேறு, காய்ச்சல் வேறு. நோய்க்கு சீசன் முடிவதில்லை. ஆபத்துக் காலத்தில் வேலை செய்யப் பழகிய கை ஒரு சொத்து. அந்தச் சொத்தை டிசம்பர் 31இல் கணக்கு முடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த ஆபத்துக்குப் புதுக் கைகளைத் தேடுவதா?

இன்னொரு சங்கதி. நெஞ்சைச் சுடுகிறது, எழுதித்தான் ஆகவேண்டும்.

வெள்ளம் வந்தால் பாம்பு வரும். புற்றிலும் வரப்பிலும் தண்ணீர் நிறைந்தால் அது மேட்டைத் தேடி வீட்டுக்குள் வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து இருக்கிறது. அந்த மருந்தைச் செய்யப் பாம்பின் விஷமே வேண்டும். மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978இல் இருளர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, பாம்பை மறுபடி காட்டிலே விடுகிறது. நாட்டில் பல பேருடைய உயிரைக் காத்த ஊசிக்குள்ளே அந்த இருளர் கையின் துணிச்சல் இருக்கிறது. அதே இருளர் சமூகத்தார் திண்டிவனம், மரக்காணம், செஞ்சிப் பக்கங்களில் எங்கே குடியிருக்கிறார்கள்? ஏரிக்கரையில்! ஓடைப் புறம்போக்கில்! பட்டா இல்லை, அதனால் கல்வீடு இல்லை. கல்வீடு இல்லை, அதனால் மழை வந்தால் முதலில் மிதப்பது அவர்கள் பாய். நாட்டுக்கு விஷமுறி கொடுத்தவனுக்கு நாடு ஒரு மேட்டு நிலம் கொடுக்கவில்லை. சுகாதாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பட்டாவைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று கேட்கும் அறிஞர்களுக்கு இதுவே பதில். ஏரிக்கரையிலிருந்து ஒரு குடும்பத்தை மேட்டுக்கு ஏற்றினால், ஆஸ்பத்திரியில் அத்தனை கட்டில் மிச்சம்.

ஒடிசாவைப் பாருங்கள். நம்மைவிடப் பணக்கார மாநிலமா அது? இல்லை. 1999 அக்டோபரில் அங்கே அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அந்த அடியிலே பாடம் படித்தார்கள். கடற்கரை நெடுகப் புயல் காப்பிடங்கள் கட்டினார்கள். கிராமத்து வாலிபர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். சாவு எண்ணிக்கை 50க்குள் நின்றது. 2019இல் ஃபானி வருமுன்னே நிறைமாதக் கர்ப்பிணிகளைத் தேடிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிகளில் சேர்த்தார்கள். இதற்கு எந்த வெளிநாட்டு இயந்திரமும் தேவைப்படவில்லை. ஊர் ஊராக ஒரு நோட்டும், அந்த நோட்டைப் பார்த்து நடக்கும் ஆளும் போதுமாயிருந்தது.

அந்த நோட்டு நம்மிடமும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு எந்தத் தேதியில் பிரசவம் என்று சொல்வார். புயல் எச்சரிக்கை வந்தால் அவர்களை முன்கூட்டிச் சேர்க்கும் ஏற்பாடு இங்கும் உண்டு. இன்னும் கொஞ்சம் எழுதவேண்டும் அந்த நோட்டில். வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளி யார்? இரண்டு முறை தவறினால் அவர் கதி என்ன? இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் யார்? அவர் வீட்டில் மின்சாரம் மூன்று நாள் இல்லையென்றால் மருந்தை எங்கே வைப்பார்? வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை நின்றுபோகக்கூடாதவர் யார்? வெள்ளம் நேராகக் கொல்பவர்களைப் பத்திரிகை எண்ணுகிறது. இப்படி ஓசைப்படாமல் போகிறவர்களை எவரும் எண்ணுவதில்லை.

பணம் எங்கே என்பார்கள். ஃபெஞ்சலுக்குப் பிறகு மாநில அரசு 2,000 கோடி ரூபாய் இடைக்கால உதவி கேட்டது. டெல்லி 944 கோடியே 80 லட்சம் விடுவித்தது. அதுவும் மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய அரசு எப்படியும் தரவேண்டிய பங்கின் இரண்டு தவணை. நமக்குச் சேரவேண்டிய கூலியையே நமக்கு இனாம் என்று கொடுத்த கதை! விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாநில அரசு 2,000 ரூபாய் தந்தது. ஒரு வாரக் கூலி போன குடும்பத்துக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் 15ஆவது நிதிக்குழு பேரிடர்ப் பணத்தில் 100க்கு 20 பங்கை ஆபத்து வருமுன் தடுப்பதற்கு என்று தனியே ஒதுக்கச் சொன்னதே, அந்தப் பங்கில் நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு வந்தது? ஜெனரேட்டரை மாடிக்கு ஏற்றினார்களா? ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையின் தாழ்ந்த இடத்தில் பாலம் போட்டார்களா? சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் நம்மவர் எழுந்து கேட்கவேண்டிய கேள்வி இது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இலேயே ஆஸ்பத்திரிப் பாதுகாப்புக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டின் சுகாதார தினத்தையே இதற்கென்று ஒதுக்கியது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை. காகிதம் தண்ணீரில் ஊறினால் என்னாகும் என்பது நமக்குத் தெரியும்.

கிளைத் தோழர்களுக்கு இப்போது ஒரு வேலை சொல்கிறோம். ஐப்பசி பிறக்குமுன் நாலு பேராகச் சேர்ந்து உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சண்டைக்கல்ல, அங்கிருக்கும் டாக்டரும் நர்ஸும் நம்மைப்போல் உழைப்பவர்கள்தான், சொல்லமுடியாமல் விழுங்கிக்கொண்டிருக்கும் குறைகள் அவர்களிடமும் ஆயிரம். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, தரையிலா மேடையிலா? டீசல் எத்தனை நாளைக்கு? பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி? எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளின் இருப்பு உண்டா? வெள்ளத்தில் காலில் வெட்டுக்காயத்தோடு இறங்குகிறவன் நம் வயல் தொழிலாளியும் துப்புரவுத் தொழிலாளியும். முதலில் அவனுக்கு அந்த மாத்திரை போகவேண்டும். மருந்து அலமாரியின் கீழ்த்தட்டைப் பாருங்கள். ஒரு நிலையத்தில் நாம் கண்டோம், பெயர் வேண்டாம், கீழ்த்தட்டில் இருந்த அட்டைப் பெட்டிகளின் அடியில் முந்தின மழையின் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. புது மருந்தும் அதே தட்டில்தான் அடுக்கியிருந்தார்கள்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று கிளை அலுவலகத்தில் இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் மூட்டையின் தேதியையும் பார்க்க மறக்காதீர்கள். காற்றுப்பட்டுப் பழசான மூட்டையில் நெடி இருக்கும், குளோரின் இருக்காது. அதைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் வெளுக்குமே தவிரக் கிருமி சாகாது.